பத்து தசம் மூன்று

வலது கண்ணில் கண்புரை எடுத்து மூன்று கிழமை கழித்துத்தான் ஸாதியா மறுபடி மொட்டை மாடிக்கு ஏறினாள். டொக்டர் இரண்டு கிழமை போதும் என்றுதான் சொல்லியிருந்தார். மூன்றாவது கிழமையை அவளுடைய கணவர் மர்சூக் தன்பாட்டில் சேர்த்துக்கொண்டார்.

மே மாதத்து நடுப்பகுதி. இஷாத் தொழுகை முடிந்து தெரு கொஞ்சம் அடங்கியிருந்தது. பகல் முழுக்க அடித்த கச்சான் காற்று நின்று, வானம் கழுவி விட்டதுபோல் கிடந்தது. ஸாதியா தொலைநோக்கியின் மேல் போர்த்தியிருந்த பழைய படுக்கை விரிப்பை இழுத்து மடித்து வைத்தாள். வடகிழக்கில் அரைவட்டமாகத் தெரியும் ஏழு நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்து, அந்த வளைவுக்குச் சற்று வெளியே குழாயைத் திருப்பினாள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பு நட்சத்திரம் அங்கே இருக்கிறது. மூன்று வருடமாக அவள் அளந்து வருவது அதைத்தான்.

நட்சத்திரம் இடத்தில் இருந்தது. ஆனால் மங்கிப் போயிருந்தது.

கண்ணால் ஒளியை அளப்பதற்கு அவளிடம் இருந்த வழி ஒன்றுதான். அதற்குப் பக்கத்தில் ஒளி மாறாத இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. வரைபடத்தில் ஒன்றுக்கு ஒன்பது தசம் எட்டு, அதாவது 9.8, மற்றதற்குப் பத்து தசம் ஆறு என்று போட்டிருக்கும். எண் கூடினால் ஒளி குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில் சிவப்பு நட்சத்திரம் எங்கே நிற்கிறது என்று பார்த்து ஒரு எண் சொல்லவேண்டும். அவளுடைய நட்சத்திரம் எப்போதும் முதலாவதோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். ஒன்பது தசம் ஒன்பது, மிஞ்சினால் பத்து. அன்றைக்கு அது நடுவழியையும் தாண்டி இறங்கியிருந்தது. பத்து தசம் மூன்று.

அவள் கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பத்து தசம் மூன்றுதான்.

ஸாதியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. காத்தான்குடியில் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையொன்றில், வீட்டின் முன்னறையையே தையல் கடையாக்கி இருபத்தைந்து வருடமாக நடத்தி வருகிறாள். துணிக்கு ஏற்ற நூல் எடுப்பதில் அவளை மிஞ்ச ஊரில் ஆளில்லை என்று பேர். கடைக்காரர் பத்து வெள்ளை நூலைப் பரப்பினாலும் அதில் எது பால் வெள்ளை, எது சாம்பல் வெள்ளை என்று ஒரு பார்வையில் பிரித்துவிடுவாள். தொலைநோக்கி வந்தது மர்சூக்கால். டோஹாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர், அங்கே கழித்துவிட்டதை வாங்கிப் போர்வைகளுக்கு நடுவில் கட்டி அனுப்பினார். ஊருக்கு வந்து ஒரு மாதம் நிலாவைப் பார்த்துவிட்டு அவருக்கு அலுத்துப்போனது. ஸாதியாவுக்கு அலுக்கவில்லை.

இந்த நட்சத்திரத்தை அவளுக்குக் காட்டிக்கொடுத்தவள் றஜிதா. களுவாஞ்சிக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்கிறாள். மட்டக்களப்பு நகரத்தில் ஒருநாள் நடந்த வானியல் பட்டறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். அன்றைக்குத் தொடங்கிய பேச்சு. றஜிதாவிடம் ஒரு நல்ல கமராவும், நட்சத்திரத்தின் ஒளியை வானவில்லாகப் பிரித்துக் காட்டும், நுண்ணிய கோடுகள் கீறிய ஒரு கண்ணாடித் துண்டும் இருந்தன. அவள் படமெடுத்து அளப்பாள், ஸாதியா கண்ணால் அளப்பாள். இரண்டு எண்களையும் உலகம் முழுக்க இருக்கும் அவதானிப்பாளர்களின் சங்கமொன்றுக்கு இணையத்தில் அனுப்புவார்கள்.

அது உண்மையில் ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரங்கள். கிழடாகி ஊதிப்போன ஒரு சிவப்பு நட்சத்திரத்தின் வாயுவைப் பக்கத்தில் சுற்றும் சின்னதொன்று இழுத்து இழுத்துத் தன்மேல் குவிக்கிறது. குவியல் தாங்காமல் போனதும் வெடிக்கிறது. வெடித்தால் சில நாட்களுக்கு வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறில் வெடித்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறில் மறுபடி வெடித்தது. அடுத்தது இப்போது வரவேண்டும் என்று உலகமே காத்திருந்தது.

றஜிதா சொன்ன இன்னொரு விடயமும் ஸாதியாவின் மனதில் இருந்தது. நாற்பத்தாறில் வெடிப்பதற்கு முன்னால் அந்த நட்சத்திரம் கொஞ்சக் காலம் மங்கியிருந்ததாம்.

மூன்று இரவு தொடர்ந்து பார்த்தாள். பத்து தசம் மூன்று, பத்து தசம் மூன்று, பத்து தசம் நான்கு. மூன்றாம் நாள் இறங்கி வரும்போது படியில் கால் தடுமாறியது. மர்சூக் கீழே சோறு போட்டு வைத்துக் காத்திருந்தார்.

"என்ன புள்ள, முகம் ஒரு மாதிரி இரிக்கி?"

"மங்குது."

"கண்ணா?" அவர் எழும்பிவிட்டார்.

"கண் நல்லாத்தான் இரிக்கி. வெள்ளி மங்குது. வெடிக்கப் போகுது போல." நட்சத்திரத்தை ஊரில் வெள்ளி என்பார்கள்.

அன்றைக்கே அவள் மூன்று எண்களையும் சங்கத்துக்கு அனுப்பினாள். பிறகுதான் றஜிதாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். வழக்கமாக முதலில் றஜிதாவோடு பேசிவிட்டுத்தான் அனுப்புவாள். அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கே விளங்கவில்லை.

"பத்து தசம் மூண்டா?" றஜிதா மறுமுனையில் எதையோ புரட்டிப் பார்த்தாள். "அக்கா, நான் முந்தாநாளும் நேத்தும் படமெடுத்தனான். ரெண்டு நாளும் பத்து தசம் பூச்சியந்தான் வருது."

"உன்ட கமராவில ஏதும் பிழை இரிக்குமா?"

"இருக்கலாம். நாளைக்கும் எடுத்துப் பாக்கிறன்."

மறுநாளும் றஜிதாவுக்குப் பத்துதான் வந்தது. ஒளியைப் பிரித்தும் பார்த்தாள். சிவப்பு முனையில் வழக்கமாகத் தெரியும் ஐதரசனின் கூர்முனை, நடுவில் சீப்புப் பல்போல இருண்ட பட்டைகள். எல்லாம் போன மாதம் இருந்தபடியே இருந்தன.

"நட்சத்திரம் தன்பாட்டில கூடிக் குறையிறதுதான் அக்கா. ஆனா ரெண்டு பேரும் ஒரே வானத்தத்தானே பாக்கிறம்? எனக்கு ஒண்டும் விளங்குதில்ல."

இதற்குள் மர்சூக் சும்மா இருக்கவில்லை. மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்ற இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். நட்சத்திரக் கூட்டத்தின் லத்தீன் பெயரில் 'கொரோனா' என்று இருப்பதையும் சேர்த்துச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. அடுத்த நாள் ஓட்டோ ஓட்டும் ஹமீட் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"ராத்தா, கொரோனா வெடிக்கப் போகுதாமே? திரும்பவும் ஊரப் பூட்டுவாங்களா?"

"அது வருத்தம், நோய் ஒண்டுமில்ல மனே. அது வெள்ளி. கோடானுகோடி மைலுக்கு அங்கால இரிக்கி."

"அப்ப எந்தப் பக்கம் விழும்?"

"விழாது."

"விழாதெண்டா என்னத்துக்குப் பாக்கிற?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். ஒரு பெண், நட்சத்திரம் வெடிப்பதால் மகளின் கல்யாணத் திகதியை மாற்ற வேண்டுமா என்று கேட்க வந்தாள். ஸாதியா எல்லோருக்கும் விளங்கப்படுத்தினாள். விளங்கப்படுத்தும்போதே, தான் சொல்வது சரிதானா என்ற சந்தேகம் உள்ளே கிடந்து அரித்தது.

ஐந்தாம் நாள் சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். உங்கள் கடைசி மூன்று பதிவுகளும் மற்ற எல்லோருடையதிலிருந்தும் தனியாக நிற்கின்றன, ஒப்பிட்ட நட்சத்திரங்களைச் சரியாகத்தான் எடுத்தீர்களா என்று ஒருமுறை பார்க்க முடியுமா? ஸாதியா அதைத் தொலைபேசியில் நான்கு தரம் வாசித்தாள். பிறகு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்து, முதல் நாளிலிருந்து கற்றுக்கொள்கிறவள்போல ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்த்தாள். பிழை எதுவும் இல்லை. பிழை இல்லை என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஹவ்வா உம்மா வந்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் பழைய வாடிக்கைக்காரர். நோன்புக்கு முன்னர் தைத்துக் கொடுத்த வெள்ளைத் திரைச்சீலைகளில் ஒன்று கம்பியில் மாட்டிக் கிழிந்திருந்தது.

"இதத் தைச்சுத் தா மகள். ஆனா இந்த முற வெள்ள நூலாப் போடு."

"போன முறையும் வெள்ளதானே போட்டன்?"

ஹவ்வா உம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் ஒண்டும் சொல்லல்ல. மருமகள்தான் சொன்னா, ஸாதியா ராத்தா என்ன, வெள்ளச் சீலைக்கு மஞ்சள் நூல் போட்டிரிக்கா எண்டு. நான் சொன்னன், அது அவட ஸ்டைலா இரிக்கும் எண்டு."

ஸாதியா சீலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரம் முழுக்க மஞ்சள் நூல் ஓடியிருந்தது. இளமஞ்சள்கூட இல்லை, பழைய பத்திரிகையின் நிறம். ஒரு குருடியும் போடமாட்டாள். அவள் தையல் பெட்டியைத் திறந்து அந்த நூல் கட்டையைத் தேடி எடுத்தாள். அது வெள்ளை என்று அவள் தன் கையாலேயே அதன் மேல் எழுதி வைத்திருந்தாள்.

என்ன நினைத்தாளோ, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள்.

நூலும் சீலையும் ஒரே நிறமாகிவிட்டன.

கையை மாற்றி இடது கண்ணை மூடினாள். நூல் மஞ்சள். சீலை வெள்ளை; வெள்ளைக்கும் மேலே ஒரு நீலம். மறுபடி மாற்றினாள். இரண்டும் ஒன்று. அவள் மாறி மாறி மூடித் திறந்துகொண்டிருந்ததில் ஹவ்வா உம்மா பயந்துபோனார்.

"என்ன மகள், தலய சுத்துதா? தண்ணி கொண்டுவரவா?"

"இல்ல உம்மா. நான் புது நூல் போட்டுத் தாறன். மத்தச் சீலையளையும் கொண்டு வாங்க. எல்லாத்தையும் அவிழ்த்துத் தாறன்."

அவர் போன பிறகு ஸாதியா கதவைச் சாத்திவிட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒவ்வொன்றாக இரண்டு கண்ணாலும் பார்த்தாள். குசினிச் சுவர் ஒரு கண்ணுக்கு முட்டைக் கோது நிறம், மறுகண்ணுக்கு வெள்ளை, அதில் அடுப்புப் பக்கம் அழுக்கு. சமையலறை யன்னலுக்கு வெளியே மாமரம் ஒரு கண்ணுக்குப் பழுத்த பச்சை, மறுகண்ணுக்கு ஈரப் பச்சை. மர்சூக் உள்ளே வந்தார். அவரையும் பார்த்தாள். இடது கண்ணுக்கு வெயிலில் நின்றவர்போல நல்ல நிறமாக இருந்தார். வலது கண்ணில் தாடி முழுக்க நரைத்து, கண்ணுக்குக் கீழே தோல் சுருங்கி வெளிறியிருந்தது. அவர் எப்போது இப்படி ஆனார்?

"என்னத்துக்கு இப்படிக் கண்ணடிக்கிறாய்?" என்றார் மர்சூக்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நான் எவ்வளவு காலமா இப்படி இருந்திரிக்கன் எண்டு தெரியல்ல," என்றாள். "எத்தின பேர்ர உடுப்புக்கு என்னென்ன நூல் போட்டனோ. ஒருத்தரும் சொல்லல்லயே."

இஷாவுக்குப் பிறகு மொட்டை மாடிக்கு ஏறி, முதலில் இடது கண்ணை வைத்தாள். புரை இன்னும் எடுக்காத கண்; எல்லாம் மூடுபனிக்குள்ளால்தான் தெரிந்தது, ஆனாலும் அளக்க முடிந்தது. ஒன்பது தசம் ஒன்பது. வலது கண்ணை வைத்தாள். பத்து தசம் மூன்று.

அப்படியானால் நட்சத்திரம் மங்கவில்லை. அதில் ஒரு ஆறுதல் இருந்தது; கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. ஆனால் றஜிதாவின் கமரா சொன்னது பத்து. அவளுடைய எந்தக் கண்ணும் அதைச் சொல்லவில்லையே? புதுக் கண் சரி என்றால் கமரா பிழை. கமரா சரி என்றால் பழைய கண்தான் அதற்குக் கிட்ட நிற்கிறது. அந்தப் பழைய கண்ணோ வெள்ளையையும் மஞ்சளையும் ஒன்றென்று சொல்கிற கண். படுக்கையில் இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். யோசிக்க யோசிக்க முடிச்சு இறுகியது.

இரவே தொலைபேசியில் விடயத்தைக் கேட்டிருந்த றஜிதா, ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டியில் வந்தாள். மடிக்கணினியைத் தையல் மேசையில், துணிகளை ஒதுக்கி, வைத்தாள்.

"எல்லாத்தையும் திருப்பிச் சொல்லுங்க அக்கா. முதல்ல இருந்து."

ஸாதியா நூல் கட்டையையும் சீலையையும் காட்டிச் சொன்னாள். றஜிதா தன் கண்களையும் மாறி மாறி மூடிப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் நூல் மஞ்சளாகத்தான் தெரிந்தது. பிறகு திரையில் இரண்டு வண்ணப் பட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கொண்டுவந்தாள். மேலே இருந்தது சிவப்பு நட்சத்திரத்தின் ஒளி. ஊதாவும் நீலமும் இருந்த இடம் கிட்டத்தட்டக் கறுப்பு. மஞ்சளிலிருந்து சிவப்பு வரைக்கும் பிரகாசம். கீழே இருந்தது ஸாதியா வழக்கமாக ஒப்பிடும், ஒன்பது தசம் எட்டு என்ற நட்சத்திரம். அதற்கு நீலப் பக்கம்தான் பளிச்சென்று இருந்தது.

ஸாதியா இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய், அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய சேட்டுப் பெட்டியொன்றின் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். சட்டை வாங்கும்போது கண்ணாடிபோல் தெளிவாக இருந்த பிளாஸ்டிக். வருடக் கணக்கில் வெயில் பட்டு மஞ்சளித்திருந்தது. அதைத் திரைமேல் பிடித்துவிட்டு, புதுக் கண்ணால் பார்த்தாள்.

கீழ்ப் பட்டையின் நீலம் அணைந்துவிட்டது. மேல்பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாரு," என்றாள். "இதுதான் என்ட பழைய கண். நீல வெள்ளிய மட்டும் மங்க வெச்சிரிக்கி. அது மங்கினா, பக்கத்தில சிவப்பு தன்பாட்டில கூடித் தெரியுந்தானே?"

றஜிதா மூடியை வாங்கித் தானும் வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அப்ப ஒப்பரேசனுக்குப் பிறகு நட்சத்திரம் மங்கல்ல. மத்தது கூடினது."

"அப்ப கமரா ஏன் பத்து எண்டு சொல்லுது?"

"கமரா பச்சை வெளிச்சத்த வெச்சு அளக்கிறது. இருட்டில மனுசக் கண் நீலத்தக் கூடப் பிடிக்கும் எண்டு வாசிச்ச ஞாபகம். அதனாலயா இருக்கலாம்." றஜிதா உதட்டைப் பிதுக்கினாள். "நிச்சயமாச் சொல்ல எனக்குத் தெரியாது அக்கா."

"அப்ப மூண்டு வருசமா நான் எழுதினதெல்லாம் பொய்யா?"

றஜிதா மடிக்கணினியில் பழைய பதிவுகளைத் திறந்தாள். ஸாதியாவின் பதிவுகள் எழுநூற்றைத் தாண்டியிருந்தன. கண்புரை ஒரே நாளில் வந்ததல்ல. முதல் வருடம் கண் எவ்வளவு மஞ்சளாக இருந்தது, இரண்டாம் வருடம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு எண்ணும் கொஞ்சம் பிழை; எவ்வளவு பிழை என்பது ஒவ்வொரு நாளும் வேறு.

அப்போதுதான் ஸாதியா தன் மனதில் இருந்த முடிவைச் சொன்னாள். இடது கண்ணுக்கு ஜூன் இருபத்து நான்காம் திகதி ஒப்பரேசன். அந்தக் கண்ணையும் மாற்றிவிட்டால் பழைய பார்வை எப்படி இருந்தது என்று அளக்க உலகத்தில் ஒரு வழியும் இருக்காது.

"தள்ளிப் போடப் போறன். ஒரு மூண்டு மாசம். அதுக்குள்ள வெடிச்சாலும் வெடிச்சிரும். ரெண்டு கண்ணாலயும் பாத்து வெச்சிரலாம்."

வாசல் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த மர்சூக் உள்ளே வந்தார். அவர் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"தள்ளிப் போடப் போறியா? இந்தத் திகதி கிடைக்க நாம எத்தின மாசம் பாத்துக்கொண்டிருந்த எண்டு மறந்திட்டியா?" அவர் றஜிதாவின் பக்கம் திரும்பினார். "நீங்களே கேளுங்க தங்கச்சி. புதன்கிழமை இடப்பக்கத்தால வந்த ஓட்டோவ இவ காணல்ல. அவன் பிரேக் அடிச்சதால தப்பின. அந்த விரலப் பாருங்க."

ஸாதியாவின் இடது ஆட்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. மெசின் ஊசி நகத்துக்குள்ளால் போயிருந்தது.

"அது எல்லாத் தையல்காரிக்கும் நடக்கிறது," என்றாள் ஸாதியா.

"இருவத்தஞ்சு வருசத்தில ஒனக்கு எத்தின தரம் நடந்த?"

அவள் விரலை மடிக்குள் மறைத்தாள். ஒருதரமும் நடந்ததில்லை.

றஜிதா மடிக்கணினியை மெதுவாக மூடினாள். "அக்கா, உண்மையச் சொல்லுறன். ராத்திரி நீங்க போன் பண்ணினதில இருந்து நானும் இதத்தான் யோசிச்சன். ஒப்பரேசனத் தள்ளிப் போடச் சொல்லிக் கேக்கத்தான் வந்தனான். வாற வழியெல்லாம் எப்படிக் கேக்கிறதெண்டு நினைச்சுக்கொண்டு வந்தன்." அவளுடைய முகம் சிவந்திருந்தது. "இந்த விரலக் கண்டாப் பிறகு கேக்க ஏலாது. திகதிய விடாதீங்க."

மர்சூக் தேத்தண்ணி போடப் போனார்.

இருபத்தொன்பது நாள் மிச்சம் இருந்தது. அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்வதென்று முடிவெடுத்தார்கள். நிறம் வேறு வேறான ஐந்து நட்சத்திரங்களை றஜிதா தெரிந்து கொடுத்தாள். ஸாதியா ஒவ்வொன்றையும் இடது கண்ணால் ஒருதரம், வலது கண்ணால் ஒருதரம் அளக்கவேண்டும். முதல் எண் இரண்டாவதைக் கெடுக்காமலிருக்க, சொன்ன எண்ணை மர்சூக் எழுதிக்கொள்வார், அவளுக்குக் காட்டமாட்டார். அது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய காலம். பகல் முழுக்கக் கடையில் அபாயாவும் சிறு பிள்ளைகளின் உடுப்பும் குவிந்து கிடந்தன. வலது கண்ணால் நூல் எடுத்து வலது கண்ணாலேயே தைத்தாள். இஷாவுக்குப் பிறகு இருவரும் மேலே ஏறுவார்கள். தொலைநோக்கியில் பார்க்க அலுத்துப்போன மர்சூக்குக்கு எண் எழுதுவது பிடித்திருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கைபேசி வெளிச்சத்தைச் சேட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, "அடுத்தது?" என்பார்.

முகில், முழுநிலவு, காற்று போக பதினாறு இரவு கிடைத்தது. றஜிதா எல்லாவற்றையும் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு ஜூன் இருபத்திரண்டாம் திகதி தொலைபேசி எடுத்தாள்.

"நீல நட்சத்திரத்துக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் இருக்கு, அது உறுதி. ஆனா எவ்வளவெண்டு பிடிபடுதில்ல. சில நாள் தசம் ரெண்டு. சில நாள் தசம் அஞ்சு. நிலா இருக்கிற நாள் ஒரு மாதிரி, இல்லாத நாள் வேற மாதிரி."

"அப்ப பழைய எண்கள எப்படித் திருத்திற?"

"எனக்குத் தெரியல்லக்கா. பதினாறு நாள் போதாது. இருநூறு நாள் இருந்தாலும் போதுமோ தெரியாது."

இருபத்து நான்காம் திகதி காலையில் அவள் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, இடது கண்ணால் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். வெண்ணெய் நிறச் சுவர். இனி இந்த நிறம் இல்லை. அது பிழையான நிறம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தாதி வந்து பெயரைக் கூப்பிட்டபோது எழும்ப மனமில்லாமல் கொஞ்சம் இருந்தாள்.

கட்டு அவிழ்த்த பிறகு இரண்டு கண்ணும் ஒரே வெள்ளையைக் காட்டின. வீட்டுக்கு வந்ததும் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். றஜிதா ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தாள். மங்கியது நட்சத்திரமல்ல, என் கண்ணில் இருந்த புரை எடுத்ததால் வந்த வித்தியாசம், மூன்று வருடப் பதிவுகளையும் நம்ப முடியாது, எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா? அனுப்புவதற்கு முன் கடைசி வசனத்தில் விரல் நின்றது. எழுநூறு இரவு. காய்ச்சலோடு ஏறிய இரவும் இருந்தது.

பதில் இரண்டு நாளில் வந்தது. அழிக்க வேண்டாம். இரண்டு சத்திரசிகிச்சைகளின் திகதிகளையும் உங்கள் குறிப்பில் போட்டுவிடுங்கள், ஆராய்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேறு சில அவதானிப்பாளர்களுக்கும் இது நடந்திருக்கிறது, பலர் சொல்வதில்லை. ஸாதியா அதை மர்சூக்குக்கு வாசித்துக் காட்டினாள்.

"அப்ப நீ செய்தது வீணில்ல," என்றார் அவர்.

"வீணில்லையா எண்டு எனக்கே தெரியல்ல. அழிக்கச் சொல்லல்ல, அவ்வளவுதான்."

ஜூலை கடைசியில் ஒரு பின்னேரம், வானம் இருட்டி வந்ததும், அவள் இரண்டு புதுக் கண்களோடும் முதன்முதலாக நட்சத்திரத்தை அளந்தாள். அது இப்போது உச்சிக்குக் கிட்ட நின்றது. முதலில் வலது, பிறகு இடது. இரண்டும் ஒன்றையே சொல்லின. எழுதி வைத்துவிட்டுத்தான் றஜிதாவைக் கூப்பிட்டாள். இனி எழுதாமல் ஒருவருக்கொருவர் சொல்வதில்லை என்று பேசி வைத்திருந்தார்கள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டன். நீங்க சொல்லுங்க."

"பத்து தசம் ரெண்டு."

"எனக்கு ஒன்பது தசம் ஒன்பது."

மறுமுனையில் எங்கோ கோயில் மணி கேட்டது.

"தசம் மூண்டு வித்தியாசம்," என்றாள் றஜிதா. "கொஞ்சம் கண், கொஞ்சம் கமரா எண்டு வெச்சாலும் கூடத்தான். ஆனா மே மாசத்தவிட ரெண்டு பேருக்கும் எண் தசம் ஒண்டு குறைஞ்சிருக்கு, ஒருவேள ஒளி உண்மையாவே கொஞ்சம் கூடுதோ? என்ட பக்கம் மெல்லிய முகில் வேற கிடந்தது."

"என்ட பக்கம் முகில் இல்ல."

"அப்ப நாளைக்கும் பாப்பம் அக்கா."

ஸாதியா தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தாள். சிவப்பு நட்சத்திரம் அசையாமல் இருந்தது. இரண்டு அயல் நட்சத்திரங்களுக்கும் நடுவில், சரியாக எங்கே என்று சொல்ல முடியாத ஓரிடத்தில். பத்து தசம் ஒன்று என்று மாற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மாற்றவில்லை. பத்து தசம் இரண்டு என்றே அடித்து அனுப்பிவிட்டு, இன்னொரு தரம் பார்க்கக் கதிரையைக் கிட்ட இழுத்தாள்.